மனதைப் படிக்க வரும் மற்ற துறையினர்

எஞ்சினியர்களும் வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் உளவியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். இடம் பிடிப்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும்?

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவற்றில் ஒன்று: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்திக்கொள்ள வேண்டும். பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர் என்று எதற்கும் விலக்கில்லை.

அடுத்த சில வாரங்களிலேயே, ஆகஸ்டில், பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு அறிவிப்பை வெளியிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைநிலைக் கல்வி மூலமோ ஆன்லைன் மூலமோ எந்தக் கல்வி நிறுவனமும் நடத்தக் கூடாது. புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது.

ஒரு பக்கம் ஆள் வேண்டும் என்கிறது நீதிமன்றம். இன்னொரு பக்கம், ஆட்களில் கணிசமானவர்கள் வந்துகொண்டிருந்த வழியை அடைக்கிறது யூ.ஜி.சி. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு நிற்பவர்கள், வேறு துறையில் பட்டம் பெற்ற பிறகு உளவியலுக்கு வர விரும்புபவர்கள்.

யார் இவர்கள்? வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக பி.இ. படித்து, சாஃப்ட்வேர் கம்பெனியில் சில வருடங்கள் கழித்த பின், தனக்கு ஆர்வம் எந்திரத்தில் அல்ல, மனிதரில்தான் என்று கண்டுகொண்டவர்கள். மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கும் பி.காம். பட்டதாரிகள். வகுப்பில் பாடத்தைவிடப் பிள்ளைகளின் அழுகை அதிகம் கண்ணில் படும் ஆசிரியைகள். வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கிடந்த நாட்களில் இந்தத் துறையின் அருமையைத் தெரிந்துகொண்டவர்கள். பதினேழு வயதில் எடுத்த முடிவை இருபத்தைந்திலோ நாற்பதிலோ மாற்ற விரும்பும் இவர்களுக்கு உளவியல் ஒரு வேலை மட்டுமல்ல. தங்களையே திருத்தி எழுதிக்கொள்ளும் வாய்ப்பு. அதனாலேயே அவசரமும் அதிகம். கால் வைக்குமுன் ஆழம் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

வாசல் திறந்தே இருக்கிறது

உளவியலில் இளநிலைப் பட்டம் இல்லாதவர் முதுநிலையில் சேரவே முடியாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியல்ல. எந்தப் பட்டதாரியையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் முன்பே இருந்தன. யூ.ஜி.சி. 2024 ஜூனில் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டச் சட்டகம் இதைக் கொள்கையாகவே அறிவித்தது: இளநிலையில் எதைப் படித்திருந்தாலும், தேசிய அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ அந்தப் பாடத்துக்கான நுழைவுத் தேர்வில் தேறியவர் முதுநிலையில் அந்தப் பாடத்தைப் படிக்கலாம்.

இது கொள்கை. நடைமுறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுகிறது. இளநிலையில் உளவியல் ஒரு பாடமாகவாவது இருந்திருக்க வேண்டும் என்று கேட்கும் துறைகள் இன்னும் இருக்கின்றன. எனவே விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படிப்பது அவசியம். போன வருடம் சேர்ந்த நண்பர் சொன்னது இந்த வருடம் பொருந்தாமல் போகலாம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் வேறு பலவற்றுக்கும் நுழைவாயில், 2022 முதல் நடக்கும் சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு. 2024 முதல் 75 கேள்விகள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. பொது அறிவு, ஆங்கிலம் என்று கைகொடுக்கும் பகுதி எதுவும் இல்லை. உளவியல் தாளில் எல்லாமே உளவியல்தான். மூன்று வருடம் படித்துவிட்டு வருபவருடன், மூன்று மாதம் படித்துவிட்டு வருபவர் போட்டி போட வேண்டும்.

இது முடியாத காரியமல்ல. முதல் படிக்கட்டு, என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டுள்ள 11, 12ஆம் வகுப்பு உளவியல் பாடநூல்கள். சின்னப் பிள்ளைகளின் புத்தகம் என்று ஒதுக்குபவர்கள் பிறகு வருந்துவார்கள். துறையின் சொற்களை இவ்வளவு தெளிவாக அறிமுகம் செய்யும் நூல்கள் குறைவு. அடுத்தது, இளநிலை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் மார்கன்-கிங் போன்ற அறிமுக நூல். அதன் பிறகு ஆளுமைக் கோட்பாடுகள், சமூக உளவியல், வளர்ச்சி உளவியல், பிறழ்நிலை உளவியல் என்று ஒவ்வொன்றாக. புள்ளியியலும் ஆய்வு முறையியலும் தனி. உளவியலை ஃபிராய்டும் கனவும் என்று நினைத்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு, டி சோதனை, அனோவா ஆகியவை இல்லாமல் இந்தத் துறையில் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. எஞ்சினியரிங், கணிதம், பொருளாதாரம் படித்தவர்களுக்கு இங்கே கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டு. இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

நேர்முகத் தேர்வு வைக்கும் நிறுவனங்களில் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஏன் உளவியல்? ‘எல்லோரும் என்னிடம் மனம் விட்டுப் பேசுவார்கள்’ என்பதும், ‘என்னையே புரிந்துகொள்ள’ என்பதும் பொய்யான பதில்களல்ல, ஆனால் போதாதவை. பதவி உயர்வு வந்த பின் தன் குழுவில் சிலர் மட்டும் தூக்கமிழந்தது ஏன் என்று யோசித்த எஞ்சினியர், அந்தக் கேள்வியை ஆராய என்ன முறை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது வேறு மாதிரியான பதில். துறை மாறுபவரின் விண்ணப்பக் கட்டுரையில் தேர்வாளர்கள் தேடுவது பழைய துறையின் மீதான வெறுப்பை அல்ல, புதிய துறையைப் பற்றிய தெளிவை.

சேர்ந்த பிறகும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது: செய்முறை வகுப்பு. மூளர்-லையர் கோட்டு மாயம், கவன வீச்சு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தல் என்று சோதனைகள். ஒரு ஆளை உட்காரவைத்து, சொல்ல வேண்டிய குறிப்பை ஒரு சொல் பிசகாமல் சொல்லி, கடிகாரம் பார்த்துப் பதிவு செய்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி வாங்க வேண்டும். பி.ஏ. மாணவர்கள் முதல் வருடத்திலேயே பழகிவிட்ட இந்தக் கைப்பழக்கம் புதியவர்களுக்கு இருக்காது. ராவென் மேட்ரிசஸ், பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனைகளைக் கையாள்வதும் அப்படித்தான். புத்தகத்தில் படித்துவிட்டால் வந்துவிடுவதல்ல.

பட்டம் வேறு, உரிமை வேறு

இதுவரை சொன்னது சுலபமான பாதி. உண்மையான கணக்கு எம்.ஏ. முடித்த அன்று தொடங்குகிறது.

விண்ணப்பிப்பவர்களில் பலரின் மனதில் இருக்கும் சித்திரம் ஒன்று: ஒரு அமைதியான அறை, இரண்டு நாற்காலி, எதிரே ஒரு மனிதர், சிகிச்சை தரும் தான். அந்த நாற்காலியில் மருத்துவ உளவியலாளராக, அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக உட்கார எம்.ஏ. பட்டம் மட்டும் போதாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி மருத்துவ உளவியலாளர்கள் ஆர்.சி.ஐ. என்னும் அந்தக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சட்டத்தின் 13ஆம் பிரிவு, பதிவு இல்லாமல் மறுவாழ்வுத் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் யார் மருத்துவ உளவியலாளர் என்பதற்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது.

அந்தப் பதிவுக்கு நீண்ட காலமாக இருந்துவந்த வழி, எம்.ஏ.வுக்குப் பின் இரண்டு வருட எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் என்று அறியப்படும் நிறுவனம், அகில இந்திய மனநலக் கழகமாக இருந்த 1950களிலேயே இந்தப் பயிற்சிக்கு அடித்தளம் போட்டது. ராஞ்சியின் மத்திய மனநோய் மருத்துவக் கழகம் 1960களில் சேர்ந்துகொண்டது. இது வகுப்பறைப் படிப்பல்ல. வார்டில், மூத்தவரின் மேற்பார்வையில், நோயாளிகளுடன் முழு நேரமும் கழியும் இரண்டு வருடங்கள். இடங்கள் மிகக் குறைவு. எம்.ஏ.வில் 55 சதவீதம் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் எழுதும் நுழைவுத் தேர்வில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே ஒவ்வொரு நிறுவனத்திலும் வாய்ப்பு.

இப்போது அந்தப் பாதையே மாறிக்கொண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தைக் கைவிடச் சொன்னது. 2022 நவம்பரில் யூ.ஜி.சி. அதை விதியாக்கியது. மனநலத் துறையில் ஆள் பஞ்சம் வரும் என்பதால் மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது. மறுபுறம் ஆர்.சி.ஐ., 2024-25இல் மருத்துவ உளவியலில் நான்கு வருட பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்பைக் கொண்டுவந்தது. திசை தெளிவு: மருத்துவத்தைப் போல, சட்டத்தைப் போல, இந்தத் தொழிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு தொடங்குவதாக மாறிவருகிறது. நடுவழியில் ஏறுபவர்களுக்குப் படிக்கட்டு எங்கே என்பதை ஒவ்வொரு ஆண்டும் ஆர்.சி.ஐ. அறிவிப்பைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மருத்துவ உளவியலாளர் அல்லாத மற்ற உளவியலாளர்களும் ஆலோசகர்களும் வெகுகாலம் எந்தச் சட்டத்தின் கீழும் வராமல் இருந்தார்கள். வார இறுதிச் சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டு வாசலில் போர்டு மாட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் இவர்களை நடத்தைசார் சுகாதாரப் பிரிவில் சேர்த்தது. தொலைநிலை உளவியலுக்கு யூ.ஜி.சி. தடை போட்டதற்கும் காரணம் இந்தச் சட்டம்தான். சுகாதாரத் தொழில் என்று ஆகிவிட்ட பிறகு அதைத் தபாலில் கற்றுக்கொடுக்க முடியாது என்பது வாதம்.

கதவு அடைபட்டவர்கள்

வாதத்தில் நியாயம் இருக்கிறது. தற்கொலை எண்ணத்துடன் வந்து உட்காரும் ஒருவரிடம் அடுத்த வாக்கியம் என்ன பேசுவது என்பதை ஒப்படைப்புத் தாள் எழுதிக் கற்றுக்கொள்ள முடியாது.

ஆனால் அடைபட்ட வழியில் வந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இக்னோவின் எம்.ஏ. உளவியலில் எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்றிருந்தது. வேலையை விட முடியாதவர்கள், குழந்தை வளர்க்கும் பெண்கள், உளவியல் துறையே இல்லாத சிறு நகரங்களில் வசிப்பவர்கள், ராணுவக் குடியிருப்புகளில் ஊர் ஊராக மாறுபவர்கள் ஆகியோருக்கு அது ஏறக்குறைய ஒரே வழி. அந்தப் படிப்பில் செய்முறையும் களப்பயிற்சியும் ஆய்வுத் திட்டமும் இருந்தன. இனி இவர்கள் இரண்டு வருடச் சம்பளத்தை விட்டுவிட்டு நேரடிக் கல்லூரிக்குப் போக வேண்டும். தனியார் பல்கலைக்கழகம் என்றால் கட்டணமும் சேரும். துறை மாறும் ஆசை இனி பணம் உள்ளவர்களுக்கே கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தால், அந்த இழப்பு அவர்களுக்கு மட்டுமல்ல.

நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் பெருநகரங்களில் மட்டும் இருந்தால் போதாது. நோயாளியின் மொழியும் தெரிய வேண்டும். மும்பை தாராவியிலோ பெங்களூரிலோ வாழும் ஒரு தமிழ்த் தாய் ‘டிப்ரெஷன்’ என்று சொல்ல மாட்டார். ‘நெஞ்சு பாரமாக இருக்கிறது’ என்பார். ‘எதிலும் மனசு ஒட்டவில்லை’ என்பார். அதைக் காதில் வாங்கத் தெரிந்தவர் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு உளவியலுக்கு வந்தவராகவும் இருக்கலாம்.

வெளியாட்கள் வளர்த்த துறை

இந்திய உளவியலின் வரலாறே இதற்குச் சாட்சி. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916இல் உளவியல் துறை தொடங்கியபோது அங்கே படிக்க வந்தவர்களில் ஒருவர் கிரீந்திரசேகர் போஸ். ஏற்கெனவே மருத்துவப் பட்டம் பெற்று டாக்டராகத் தொழில் செய்துகொண்டிருந்தவர். 1917இல் உளவியலில் எம்.எஸ்சி., 1921இல் டி.எஸ்சி. பெற்றார், மறு ஆண்டு இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃபிராய்டுடன் கடிதத்தில் சரிக்குச் சமமாக விவாதித்தார்.

இன்னும் பொருத்தமான உதாரணம் சுதிர் கக்கர். குஜராத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங், ஜெர்மனியில் வணிகவியல், வியன்னாவில் பொருளாதார டாக்டர் பட்டம். 1960களில் காந்தியைப் பற்றி ஆராய அகமதாபாதுக்கு வந்த உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சனைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அந்த எரிக்சனே பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். 2024இல் கக்கர் மறைந்தபோது, இந்திய மனதை உலகுக்கு விளக்கிய முன்னணி எழுத்தாளராக அவரை நாடு நினைவுகூர்ந்தது.

ஆனால் இந்தக் கதையில் உற்சாகமாகச் சொல்லப்படாத ஒரு பகுதி உண்டு. கக்கர் ஒரு சந்திப்பின் வேகத்தில் நேராக நாற்காலியில் உட்கார்ந்துவிடவில்லை. பிராங்ஃபர்ட்டில் ஃபிராய்டு பெயரால் அமைந்த கழகத்தில் வருடக்கணக்கில் பயிற்சி பெற்ற பிறகே டெல்லியில் சிகிச்சை தரத் தொடங்கினார். துறை மாறலாம், பயிற்சியைத் தாண்டிக் குதிக்க முடியாது.

சிகிச்சை மட்டுமே உளவியல் அல்ல

தொழில் உளவியலில் ஆள் தேர்வு, பயிற்சி, பணியிடச் சோர்வு ஆகியவற்றை ஆராய, கம்பெனியில் வேலை பார்த்த அனுபவம் தடையல்ல, முதல். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது இணைப்பு விதியிலேயே இருக்கிறது. ஆசிரியராக இருந்துவிட்டு வருபவருக்கு அங்கே மதிப்புண்டு. புலனறிவு அறிவியல் எனப்படும் காக்னிட்டிவ் சயின்ஸ் கணிப்பொறி, மொழியியல், உயிரியல், தத்துவம் எல்லாம் கூடும் சந்தி. அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை மற்றும் புலனறிவு அறிவியல் மையமும் காந்திநகர் ஐ.ஐ.டி.யும் இதில் முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன. எஞ்சினியர்களின் தேர்வாகக் கருதப்பட்ட கேட் தேர்விலேயே 2021 முதல் மானிடவியல், சமூக அறிவியல் தாளில் உளவியல் ஒரு விருப்பப் பிரிவு.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு பிரிட்டனின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அங்கே வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே ‘கன்வர்ஷன்’ எம்.எஸ்சி. உண்டு. பெரும்பாலும் ஒரு வருடம். பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரித்த படிப்பை உரிய தரத்தில் முடித்தால் உளவியல் இளநிலைப் பட்டம் பெற்றவருக்குச் சமமான அடிப்படைத் தகுதி கிடைக்கிறது. அதன் பிறகுதான் தொழில்முறைப் பயிற்சிக்கான போட்டி. அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் பிஎச்.டி. சேர, உளவியல் பட்டம் இல்லாவிட்டாலும் புள்ளியியல், ஆய்வு முறை, பிறழ்நிலை உளவியல் போன்ற சில பாடங்களையாவது முடித்திருக்கக் கேட்கிறார்கள். ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அனுபவத்துக்குத் தனி மரியாதை. அங்கே படித்துவிட்டுத் திரும்பி இங்கே மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய விரும்புபவர் மறுபடியும் வந்து நிற்க வேண்டிய இடம் ஆர்.சி.ஐ.தான்.

இந்தியாவில் இல்லாதது இத்தகைய ஒரு ‘கன்வர்ஷன்’ ஏற்பாடுதான். தொலைநிலையில் கோட்பாடு, நேரடியில் பயிற்சி என்று பிரித்து, துறை மாறுபவர்களுக்கு முறையான ஓராண்டு இணைப்புப் படிப்பு இருந்தால் தரமும் கெடாது, கதவும் அடைபடாது. யூ.ஜி.சி.யும் ஆர்.சி.ஐ.யும் புதிய ஆணையமும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

அதுவரை விண்ணப்பதாரர் செய்யக்கூடியது, கணக்கைக் கடைசியிலிருந்து போடுவது. பத்து வருடம் கழித்து எந்த வேலையில் இருக்க விரும்புகிறார்? ஆஸ்பத்திரி வார்டா, பள்ளியா, ஆய்வுக்கூடமா, கம்பெனியா? அந்த வேலைக்குச் சட்டம் கேட்கும் பதிவு எது? அந்தப் பதிவுக்கு எந்தப் பயிற்சி, அந்தப் பயிற்சிக்கு எந்த முதுநிலைப் பட்டம், அதை எங்கே, எந்த முறையில் படித்திருக்க வேண்டும்? இத்தனைக்கும் எழுத்தில் விடை கிடைத்த பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதினால் போதும். அதற்கு முன் ஒரு மனநல அமைப்பிலோ மறுவாழ்வு இல்லத்திலோ சில மாதங்கள் வார இறுதியில் தொண்டு செய்து பார்ப்பது நல்லது. பிறருடைய துயரத்தை நாள் முழுவதும் கேட்டுவிட்டு வீடு திரும்பி, மறுநாளும் அதே நாற்காலிக்குப் போகத் தன்னால் முடியுமா என்பதை எந்த நுழைவுத் தேர்வும் சொல்லாது. அந்த வார இறுதிகள் சொல்லிவிடும்.